பெயருக்குப் பிறகு என்ன சொல்வது

சாமு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆராதனைக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றவில்லை. பெங்களூரில் ஏதோ ஒரு ஹோட்டலில், சொந்தத் தொழில் செய்கிறவர்கள் கூடிப் பழகுகிற கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னாய். "என் பேரச் சொல்லி, கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆரம்பிச்சிருக்கேன்னா சமோசா தட்டைப் பாக்க ஆரம்பிச்சிடறாங்கம்மா. பழைய கம்பெனி பேரச் சொன்னா உடனே கை குடுக்கறாங்க" என்று சிரித்தாய். அந்த வேலையை விட்டு இத்தனை மாதமாகியும் பழைய கம்பெனியின் விசிட்டிங் கார்டையே கொடுத்து வருகிறாயாம். பெட்டியில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறதாம். நீ சிரித்தாய் என்று நானும் சிரித்தேன். நீ நிற்கிற எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வது? முக்கியமானதைப் போனில் சொல்ல எனக்கு என்றுமே வந்ததில்லை. ஏன் வராது என்பதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடப் பார்க்கிறேன். நிதானமாகப் படி. கேலி செய்வதென்றால் கடைசிவரை படித்துவிட்டுச் செய்.

அப்பா போனபோது நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். மேனாம்பேட்டு வீட்டின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நம் ஷெட், அதற்குள் அந்த ஒரே ஒரு ரப்பர் பிரஸ், வேலைக்கு வந்த கன்னியம்மாவும் அவள் நாத்தனாரும், மூலையில் அடுக்கிய ரப்பர் ஷீட், எல்லாம் அப்படியே என் தலையில் வந்து நின்றன. வேலையைக் கண்டு நான் பயப்படவில்லை. சூடான இரண்டு தகட்டுக்கு நடுவே அச்சை வைத்து, ரப்பரை அழுத்தி, வெந்ததும் எடுத்து, ஓரத்தில் தொங்குகிற பிசிறைக் கத்தரித்தால் சீல் தயார். பம்பிலோ வால்விலோ தண்ணீர் கசியாமல் பிடித்து நிறுத்துகிற கறுப்பு வளையம். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்தே அதை நான் செய்துவந்தேன். ஷெட்டுக்குள் எல்லாம் எனக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் அப்பாவுடையது. யாரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கம்பெனி வாசலில் எத்தனை நேரம் நிற்பது, யார் தோளில் கை போடுவது, யாருக்கு வணக்கம் மட்டும் போதும் என்பதெல்லாம் அவரோடு இருந்தது, அவரோடு போய்விட்டது. நமக்கு இருந்த பெரிய வாடிக்கை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே ஒரு கம்பெனிதான். அப்பா போன கொஞ்ச நாளில் அவர்கள் சொந்தமாகவே ரப்பர் செக்ஷன் ஆரம்பித்துவிட்டார்கள். நம்மேல் கோபம் ஒன்றும் இல்லை. மரியாதையாகச் சொல்லித்தான் நிறுத்தினார்கள்.

எஸ்டேட்டில் சின்னப் பட்டறைக்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது, உனக்கு நினைவிருக்காது. மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்தரம், ஷிப்ட் விட்டு சைக்கிள் கூட்டம் கலைந்த பிறகு, ஒரு ஹாலில் கூடுவார்கள். புதிதாக வேலை பிடிக்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும் என்று அப்பா சொல்லுவார். அங்கே ஒரு வழக்கம். டீ வருவதற்கு முன்பு ஒவ்வொருவராக எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வெறும் சடங்குதான். பெயருக்குப் பிறகு வருவதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். "லேத் ரெண்டு, மில்லிங் ஒண்ணு, இன்ன கம்பெனிக்கு சப்ளை" என்று சொன்னவுடன் அந்த மனிதரை எங்கே உட்காரவைக்கலாம் என்று எல்லோர் மனதிலும் முடிவாகிவிடும். வேறு இடங்களில் ஊரையும் உறவையும் விசாரிப்பதுபோல அங்கே "நீங்க எந்தக் கம்பெனிக்கு?" என்றுதான் விசாரிப்பார்கள். எந்தக் கம்பெனிக்கும் இல்லாதவளாகத்தான் நான் அங்கே போனேன். அத்தனை பேரில் பெண் நான் ஒருத்திதான். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரமாட்டார்கள். அது மரியாதை. ஆனால் சாமு, ஒரு மனுஷியைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் மரியாதை காட்டினால் அவள் தனித்தீவாகிவிடுவாள்.

முதல் கூட்டத்துக்கு நான் எப்படித் தயாரானேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஆவடியில் படித்தபோது பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா? கிளை நூலகத்தில் மேடைப்பேச்சு பற்றி இருந்த புத்தகத்தை எடுத்துவந்து, பென்சிலால் குறித்துப் படித்து, பேச்சை எழுதி மனப்பாடம் செய்தேன். உன்னை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்காட்டினேன். நீ கை தட்டினாய். அங்கே போய் எழுந்து நின்று, "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உழைப்பையே உயிர்மூச்சாகக் கொண்ட அவையோரே" என்று ஆரம்பித்தேன். ரப்பர் மரம் எந்தக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தது என்பதுவரை போய்விட்டேன். பின்வரிசையில் கியர் வெட்டுகிற ஒருவர், "யக்கா, பட்டிமன்றம் பொங்கலுக்குத்தான். போண்டா ஆறுது" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ரப்பரின் சரித்திரமெல்லாம் சொன்ன நான், நாம் சீல் செய்கிறோம் என்பதைச் சொல்லவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் நேர்மாறாக இருந்தேன். எழுந்து, "தேவராஜ் மிஸஸ்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். டீ நேரத்தில் ஒவ்வொருவரிடமும் அப்பாவின் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். அவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் புதிதாக அச்சடித்திருந்தார். பெட்டி கட்டு பிரியாமல் இருந்தது. எறிய மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரம் மழுங்காத வெள்ளை அட்டை, நீல எழுத்தில் அவர் பெயர், கீழே நம் வீட்டு போன் நம்பர். அதைக் கையில் வைத்துக்கொண்டால் நான் பேச வேண்டியதே இல்லை, அவர் பேசிக்கொள்வார் என்று ஒரு தெம்பு. வாங்கினவர்கள் எல்லாம் கார்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். "தங்கமான மனுஷம்மா." "பையன் என்ன படிக்கிறான்?" "கர்த்தர் கைவிடமாட்டார்." உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். என்ன சீல், எந்த அளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வரும் இடத்தில் யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

திரும்பி வந்ததும் கன்னியம்மா விடமாட்டாள். பிசிறு வெட்டுகிற கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்பாள். "இன்னாக்கா, இன்னா குட்த்தானுங்க?"

"போண்டா."

"அத்த துன்னுட்டு வந்துகினியா? ஆர்டரு?"

"எல்லாரும் அவரைப் பத்தி நல்லவிதமா பேசினாங்க கன்னியம்மா."

"அண்ணாத்தே நல்லவருன்னு எனக்குத் தெரியாதா? அவரு பேர அட்டையில போட்டு ஊரெல்லாம் குட்த்துகினு கீற. போன் வந்தா அவரா எய்ந்து வந்து பேசுவாரு?" அவள் நாத்தனார் "ச்சீ, வாய மூடு" என்று தோளில் அடித்தாள். கன்னியம்மா வாயை மூடினாள், ஆனால் என்னைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அப்போது பிரஸ் வாரத்தில் பாதி நாள் ஆறிப்போய்த்தான் கிடந்தது. அவர்கள் இருவரும் வேலையில்லாத நாளிலும் வந்து, கழுவின அச்சையே திரும்பக் கழுவிவிட்டுப் போவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் நான் அனுப்பிவிடுவேனோ என்ற பயம்.

பிறகு ஒரு கூட்டத்தில் குப்புசாமி என்பவர் வந்தார். சென்னீர்குப்பத்தில் பாகங்களைப் பூட்டித் தண்ணீர் பம்பு செய்கிற பட்டறை வைத்திருந்தவர், சங்கத்துக்குப் புதிது. டீ தம்ளரோடு என் பக்கமாக வந்து, "நீங்க எந்தக் கம்பெனிக்கும்மா?" என்றார். "ரப்பர் சீல்" என்று கார்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "தேவராஜா? எனக்கு சீல் ஆள் ஒருத்தர் வேணும்தான். நான் சார்கிட்ட பேசிக்கிறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் போதும். போகவில்லை. உன் அப்பா இறந்துபோனது தெரியாத ஒரே ஆள் அந்த ஹாலில் அவர்தான். அவர் சட்டைப்பையில் அப்பா உயிரோடு இருந்தார். அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

மறுவாரமே போன் வந்தது. நான்தான் எடுத்தேன். நீ பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். "தேவராஜ் சார் இருக்காரா?" என்று குப்புசாமியின் குரல். எத்தனை மாதம் ஆகியிருந்தது, அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு! என் வாய், "வெளியே போயிருக்கார்" என்றது. "சரி, வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். ஆனால் அன்று சாயந்தரம் முழுக்க அவர் உண்மையாகவே வெளியே போயிருப்பதுபோல இருந்தது. ரசம் வைக்கும்போது கேட் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். அடுத்த முறை அவர் கூப்பிட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் திரும்பக் கூப்பிட்டதாகவே தெரியவில்லை. வேறு ஆளைப் பிடித்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் பழைய மெஷின் வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவர் வந்து பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காலால் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு அப்பாவின் காலில் தட்டியதுபோல இருந்தது. திங்கட்கிழமை லாரி கொண்டுவருவதாகச் சொன்னார். சரி என்றேன். கன்னியம்மாவிடம் சொன்னபோது அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அச்சைக் கழுவப் போனாள். அவள் என்னைத் திட்டாமல் விட்டது அந்த ஒரு நாள்தான். அதற்கு முந்தின சனிக்கிழமை சங்கக் கூட்டம். போவதில்லை என்றுதான் இருந்தேன். பிறகு, சொல்லாமல் நின்றுவிடுவது அழகில்லை என்று தோன்றியது. கைப்பையில் வழக்கம்போல அப்பாவின் கார்டுகளை வைத்துக்கொண்டு போனேன்.

ஹாலில் நுழைந்ததும் குப்புசாமி எதிரே வந்தார். கோபமும் சிரிப்புமாக இருந்தார். "ஏம்மா, உங்க சார் ஒரு நாளாவது வீட்ல இருப்பாரா, மாட்டாரா? நானும் எத்தனை தபா போன் போடறது? எப்ப போட்டாலும் உங்க பையன்தான் எடுக்கறான். அப்பா ஆவடிக்குப் போயிருக்காருன்றான். அடுத்த தபா பூந்தமல்லின்றான். போன வாரம் நெமிலிச்சேரிக்கு மிஷின் பாக்கப் போயிருக்காரு, சாயந்தரம் வந்துடுவாரு, வந்ததும் சொல்றேன் அங்கிள்ன்றான். நல்லா பேசறான் பையன், அதுக்கொண்ணும் குறையில்ல. ஆனா எனக்கு சீல் வந்தாகணுமே! இன்னைக்காவது வந்திருக்காரா?"

நான் பதில் சொல்வதற்குள் தலைவர் மேஜையைத் தட்டிவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து சொல்ல ஆரம்பித்தார்கள். லேத் ரெண்டு, டிரில்லிங் ஒண்ணு, இன்ன கம்பெனிக்கு. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் ஒரே ஒரு முறை சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு, நான் ஷெட்டில் இருக்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் போன் பக்கத்தில் நின்று, இன்று அப்பாவை எங்கே அனுப்பலாம் என்று யோசிக்கிற உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நீ தனியாக அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். நானும் தனியாக அதையே செய்துகொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே போனை வைத்துக்கொண்டு.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். கார்டை எடுக்கவில்லை. முதலில் என் பெயரைச் சொன்னேன். அந்த ஹாலில் அதுவரை என் பெயர் யாருக்கும் தெரியாது. அவசரப்படாமல் சொன்னேன். பிறகு, "மேனாம்பேட்டில் ரப்பர் சீல் செய்கிறேன். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஆரம்பித்தது. போன வருஷம் அவர் இறந்துவிட்டார். இப்போது அச்சு ஏற்றுவதிலிருந்து பிசிறு வெட்டுவதுவரை நானும் இரண்டு பெண்களும் செய்கிறோம். இப்போதைக்கு எந்தக் கம்பெனிக்கும் இல்லை. உங்கள் பம்பிலோ வால்விலோ தண்ணீர் கசிந்தால், அந்தப் பழைய சீலைக் கொண்டுவந்து காட்டுங்கள். முடியுமா முடியாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன்" என்றேன். உட்கார்ந்தேன். அவ்வளவு சின்னப் பேச்சுதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது.

டீ வந்தபோது குப்புசாமி தம்ளரை எடுக்காமல் என்னிடம் வந்தார். என் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, கடைசியில், "சுடுதண்ணி தாங்குமா உங்க சீல்?" என்றார். அவர் துக்கம் விசாரித்திருந்தால் நான் அழுதிருப்பேன். "தாங்காது. பச்சைத்தண்ணிக்குத்தான். சுடுதண்ணிக்கு வேற ரப்பர் வாங்கணும், வாங்கினா செய்யலாம்" என்றேன். "தாங்காதுன்னு வாயத் திறந்து சொன்ன மொத ஆள் நீங்கதாம்மா" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு நான் அவரைக் கேட்டேன், அந்தப் பம்பு எந்த மாதிரி கிணற்றுக்குப் போகிறது, எத்தனை நாளில் கசிய ஆரம்பிக்கிறது என்று. அவர் பேசப் பேசக் கேட்டேன். இதையும் நீ தெரிந்துகொள். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் பாதி வேலை, சொல்லி முடித்தபின் எதிராளியைக் கேட்பதுதான். அத்தனை கூட்டங்களில் நான் ஒருவரைக்கூட "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டதில்லை.

திங்கட்கிழமை லாரி வந்தது. கன்னியம்மா கேட்டுக்கே போய், "மிஷினு சூடா கீது நைனா, தொட்டா கை வெந்துரும், போ போ" என்று புரோக்கரைத் திருப்பி அனுப்பினாள். உண்மையிலேயே சூடாக இருந்தது, குப்புசாமிக்கு சாம்பிள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வேலையில் நாம் பணக்காரராகிவிடவில்லை. ஆனால் பிரஸ் நம்மிடமே நின்றது. நீ படித்தாய். கன்னியம்மா இன்றைக்கும் காலையில் வந்து என்னைத் திட்டிவிட்டுத்தான் உட்காருகிறாள்.

இப்போது உன் கார்டுக்கு வருகிறேன். பெரிய கம்பெனியின் பேரைச் சொன்னால் கை நீட்டுகிறார்கள் என்கிறாய். அந்தக் கை உனக்கு நீட்டினது இல்லை, சாமு. நாளைக்கு அந்த நம்பருக்குப் போன் செய்து உன்னைக் கேட்பார்கள். அங்கே யாரோ ஒரு பெண், "அவர் இங்கே இல்லை" என்பாள். நீ உண்மையிலேயே தேவைப்படுகிற ஒருவர், உன்னைத் தேடி அங்கே போய்த் திரும்பிவிடுவார். அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நிற்காதே. தட்டும் கையுமாக யாராலும் பேச முடியாது. உன்னைப்போல ஓரமாக ஒருவர் நின்றிருப்பார், அவரிடம் போ. உன் பெயரைச் சொல். யாருக்கு எந்தக் கஷ்டத்தை நீக்குகிறாய் என்று, நம் கன்னியம்மாவுக்குப் புரிகிற வார்த்தையில் ஒரு வரி சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். பிறகு அவரைக் கேள். சமோசா தட்டைப் பார்க்கிறவர் பார்க்கட்டும். எல்லோருக்கும் நம் சீல் தேவைப்படாது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நீ போன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. "இனிமே போன் வந்தா, அம்மா இருக்காங்கன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். "அப்பாவைக் கேட்டா?" என்றாய். "கேக்க மாட்டாங்க" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாய். வெகுநேரம் கழுவினாய். நான் வெளியே நின்றுகொண்டே இருந்தேன், கதவைத் தட்டவில்லை. அன்றே உன்னை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாக அழுதிருக்க வேண்டும். ஆர்டர் கிடைத்த தெம்பில், நாளைக்குப் பேசலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. அதிலிருந்து போன் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் சொன்னபடியேதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்தப் போனில் யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். சாயந்தரம் கன்னியம்மா போன பிறகு பேச ஆள் இல்லை. ஆவடி, பூந்தமல்லி, நெமிலிச்சேரி. குப்புசாமி சொன்ன இந்த மூன்று ஊர்தான் எனக்குத் தெரியும். அவர் போட்ட போன் இன்னும் எத்தனையோ. மற்ற நாட்களில் அப்பாவை எங்கெங்கே அனுப்பினாய்? எதற்காகப் போயிருப்பதாகச் சொன்னாய்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரைப் பார்க்காமல் எனக்குச் சொல்.

அம்மா